பி7-33: தழும்பைத் தளர்த்துமா ஒரு ஹார்மோன் துண்டு?

ரிலாக்சின் என்பது கர்ப்ப காலத்தில் மிகுதியாகச் சுரக்கும் ஹார்மோன். 1926இல் ஃபிரெடரிக் ஹிசா என்ற அமெரிக்க விலங்கியலாளர், சினையாக இருந்த கினிப்பன்றியின் ரத்தத்திலிருந்து தெளிநீரைப் பிரித்து, சினைப்படாத வேறொரு கினிப்பன்றிக்கு ஊசி போட்டார். அதன் இடுப்பெலும்புகளை இறுகப் பிணைத்திருந்த நார்த்திசு இளகிவிட்டது. குட்டி வெளியே வர வழிவிடும் அதே இளக்கம்தான்.

இறுகிய நாரை இளக்குவதென்றால் நோயுற்ற உறுப்புகளுக்கும் அது தேவைதான். காயம்பட்ட இடத்தை உடல் கொலாஜன் என்ற நார்ப்புரதத்தால் அடைக்கிறது. தோலில் அது தழும்போடு நின்றுவிடும். இதயத்திலோ சிறுநீரகத்திலோ நுரையீரலிலோ பாதிப்பு ஓயாமல் தொடர்ந்தால், நார் சேர்ந்துகொண்டே போய் உறுப்பு விறைத்துவிடும். ரிலாக்சின் புதிய கொலாஜன் உருவாவதைக் குறைக்கிறது; படிந்ததைக் கரைக்கும் நொதிகளையும் தூண்டுகிறது.

ஆய்வகத்தில் கண்ட இந்தப் பலன் நோயாளிகளிடம் அப்படியே வந்துவிடவில்லை. தோல் தடித்து இறுகும் ஸ்கிளிரோடெர்மா நோய்க்கு ரிலாக்சினைக் கொடுத்துப் பார்த்தபோது தோல் இளகவில்லை; மருந்தை நிறுத்தியதும் சிலருக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டது. திடீர் இதயச் செயலிழப்புக்கு, செரிலாக்சின் என்ற பெயரில் 48 மணி நேரம் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். 6,500க்கும் மேற்பட்டோர் கலந்துகொண்ட அந்தச் சோதனையின் முடிவு 2019இல் வெளியானது. ஆறு மாதத்துக்குள் நேரும் இதயநோய் மரணங்கள் குறையவில்லை.

ரிலாக்சினைத் தயாரிப்பதும் எளிதல்ல. இன்சுலினைப் போலவே அதிலும் இரண்டு சங்கிலிகள்; ஒன்றில் 24 அமினோ அமிலங்கள், மற்றதில் 29. இரண்டையும் கந்தகப் பாலங்கள் பிணைக்கின்றன. மெல்போர்னின் ஃபுளோரி நிறுவன ஆய்வாளர்கள் ஒரு சங்கிலியையே விட்டுவிட்டார்கள். பி என்ற சங்கிலியின் தலைப்பக்கத்தைக் கத்தரித்து, வாலில் நான்கு அமினோ அமிலங்களைச் சேர்த்து, 27 அமினோ அமிலங்கள் கொண்ட ஒற்றை இழையாக்கினார்கள். 2016இல் அறிவிக்கப்பட்ட அந்த இழைதான் பி7-33.

மூல ஹார்மோன் பொருந்தும் ஏற்பியிலேயே இதுவும் பொருந்துகிறது, ஆனால் பிடிப்பு குறைவு. அப்படியிருந்தும் எலிகளின் இதயத்திலும் மூச்சுக்குழாயிலும் நார் சேர்வதை இது குறைத்தது. செல்லுக்குள் எல்லாச் சமிக்ஞைகளையும் சமமாகத் தட்டி எழுப்பாமல், தழும்பைக் குறைக்கும் வழியையே பெரிதும் தூண்டுவதுதான் காரணம் என்பது ஆய்வாளர்களின் விளக்கம்.

ரத்தத்தில் இது சீக்கிரமே சிதைந்துவிடுகிறது. கொழுப்பமிலத்தை ஒட்டி அதன் ஆயுளை நீட்டும் முயற்சியும் நடந்திருக்கிறது. "ஆராய்ச்சிக்கு மட்டும்" என்ற சீட்டோடு இணையத்தில் விற்கப்படும் பி7-33, மருந்தாக அனுமதி பெற்றதல்ல.