பூட்டில்லாத அலமாரி
(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுவில் இமாம் அவர்கள் ஆற்றிய உரை)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

மக்தப் மத்ரஸாவின் மாடியறையைச் சிறுவர் நூலகமாக்கும் தீர்மானம் தங்கள் முன் உள்ளது. கண்ணாடிக் கதவும் பூட்டும் கொண்ட ஆறடி இரும்பு அலமாரிகள் வாங்கலாம் எனச் சிலர் கருத்துரைத்தனர். நூல்கள் தொலைந்துவிடக் கூடாதே என்னும் நல்லெண்ணத்தில் சொன்னதுதான். எனினும் வாங்குமுன் எளியேன் ஒரு வார்த்தை சொல்ல விரும்புகிறேன்.

வஹியின் முதல் கட்டளையே ஓதுவதைப் பற்றியது என்று எல்லா மேடைகளிலும் பேசுகிறோம். ஓத வந்த எட்டு வயதுப் பிள்ளை, சாவிக்காரர் வரும்வரை வாசலில் காத்து நின்றால், மறுநாள் வரமாட்டான். சீர்காழியில் பிறந்த நூலகத் தந்தை எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931-ல் வெளியிட்ட ஐந்து விதிகளில் முதலாவது, நூல்கள் பயன்படுத்துவதற்கே என்பதாகும். முற்காலத்தில் ஐரோப்பாவில் நூல்களைச் சங்கிலியால் பிணைத்து வைத்திருந்தனர். நம் பூட்டும் ஒரு சங்கிலிதானே!

சென்னை கோட்டூர்புரத்தில் 2010-ல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சிறுவர் பகுதியின் நடுவே செயற்கை மரமொன்றை அமைத்துள்ளனர். பிள்ளைகள் அதன் நிழலில் அமர்ந்து படிக்கிறார்கள். மதுரையில் 2023-ல் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் சிறுவர்களுக்கெனத் தனிப் பகுதி உண்டு. அத்தகைய மாளிகை நம்மால் இயலாது. ஆனால் பிள்ளையின் கைக்கு எட்டும்படி அமைப்பதற்குக் கோடி ரூபாய் தேவையில்லை.

அலமாரி மூன்றடி உயரம் போதும். முதுகுப்புறம் தெரிய அடுக்காமல் முன்னட்டை தெரிய வைக்க வேண்டும்; எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளை படத்தைப் பார்த்துத்தான் நூலைத் தேர்ந்தெடுக்கும். மேசை நாற்காலி வேண்டாம், பத்தமடைப் பாய் விரிப்போம். (கல்யாணப் பட்டுப்பாயைச் சொல்லவில்லை, சாதாரணக் கோரைப்பாய்தான்!) பொதிகை தெரியும் மேற்கு ஜன்னலில் அஸருக்குப் பின் வெயில் கண் கூசும், அங்கு ஒரு தட்டி கட்ட வேண்டும். ஒரு சுவரைக் கரும்பலகையாக்கிவிட்டால் பிள்ளைகள் வரையட்டும், எழுதட்டும், அழிக்கட்டும்.

சப்தம் வருமே என்கிறார்கள். வரும். ஸுஜூதில் இருந்த நபி (ஸல்) அவர்களின் முதுகில் பேரப்பிள்ளை ஏறிக்கொண்டபோது, பிள்ளை தானாக இறங்கும்வரை ஸுஜூதை நீட்டினார்கள் என ஹதீஸில் வந்துள்ளது. தொழுகை நேரத்தில் மட்டும் அறையை மூடி வைப்போம்.

பள்ளி விட்டதும் தாயாருடன் பீடி சுற்ற அமரும் பெண்பிள்ளைகளுக்கு மாலை நேரம் கிடைக்காது. அவர்களுக்காக ஞாயிறு காலை திறக்க வேண்டும். மாடிப்படி தெருப்பக்கம் இருப்பதால் பிற சமயப் பிள்ளைகளும் தயக்கமின்றி ஏறி வரலாம்; வரட்டும். ஆண்டுக்குப் பத்து நூல் கிழிந்தால் கிழியட்டும். படித்துக் கிழிந்த நூலுக்குக் கமிட்டியிடம் நான் கணக்குச் சொல்கிறேன்.

தீர்மானம் நிறைவேறி, அலமாரிக்கு அளவெடுக்கத் தச்சர் வரும் நாளில், மக்தபிலிருந்து ஒரு சின்னப் பிள்ளையை அழைத்துச் சுவரோரம் நிறுத்தி, கையை உயர்த்தச் சொல்லி அளவெடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

வஸ்ஸலாம்.