விண்ணாராய்ச்சிக் கல்வியும் உதவிநிதியும்

(தோட்டப் பெற்றோர் கூட்டத்தில் தகவல் அதிகாரி ஆற்றிய உரை)



"பட்டம் பெறும்வரை எப்படியோ படிக்க வைக்கலாம், அதற்கு மேலும் படிக்கப் பணத்திற்கு எங்கே போவது?" என்று கேட்போர் நம்மிடையே பலர். நியாயமான கேள்விதான். ஆயினும், முனைவர் பட்ட ஆய்வு எப்போதும் பெற்றோர் பணம் கட்டிப் படிக்கும் படிப்பன்று. பல நாடுகளில் ஆய்வு மாணவரின் கட்டணத்தையும் வாழ்க்கைச் செலவையும் உதவிநிதிகள் ஏற்கின்றன. அத்தகைய நிதியொன்று தோன்றிய வரலாற்றைக் கூறுகிறேன்.

வட அயர்லாந்தில் 1943ஆம் ஆண்டு பிறந்தவர் ஜோசலின் பெல். பதினொரு வயதினருக்கான தேர்வில் அவர் தேறவில்லை. அவர் பயின்ற பள்ளியில் மாணவர்கள் அறிவியல் கூடத்திற்கும், மாணவிகள் சமையல் வகுப்பிற்கும் அனுப்பப்பட்டனர். அவருடைய பெற்றோர் வாளாவிருக்கவில்லை. பள்ளியிடம் முறையிட்டு மகளை அறிவியல் வகுப்பில் சேர்த்தனர்.

பின்னாளில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவியான அவர், நான்கு ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தில் கம்பம் நட்டுக் கம்பி கட்டி வானொலித் தொலைநோக்கி அமைக்கும் பணியில் தாமும் உழைத்தார். அக்கருவி நாள்தோறும் ஏறத்தாழ 30 மீட்டர் நீளத் தாளில் கோடுகளைப் பதித்தது. அவற்றை அவர் கண்ணாலேயே ஆராய்ந்தார். பட்டையைப் பார்த்தே பால்மரத்தின் குறையை நீங்கள் அறிவதுபோல், 1967இல் அக்கோடுகளில் சிறியதொரு வேறுபாட்டை அவர் கண்டார். 1.3 வினாடிக்கு ஒரு முறை தவறாது துடித்த அக்குறி, விரைந்து சுழலும் நியூட்ரான் விண்மீனிலிருந்து வந்ததென்று பின்னர்த் தெளிவாயிற்று. துடிப்பு விண்மீன்கள் இவ்வாறே அறியப்பட்டன. இதன் பொருட்டு 1974இல் அவருடைய ஆசிரியர் ஆண்டனி ஹியூவிஷ் நோபல் பரிசில் பங்கு பெற்றார். மாணவியின் பெயர் அதில் இடம்பெறவில்லை.

2018இல் அவருக்கு 3 மில்லியன் அமெரிக்க டாலர் சிறப்புப் பரிசு கிடைத்தது. அத்தொகை முழுவதையும் அவர் பிரிட்டன், அயர்லாந்து நாடுகளின் இயற்பியல் கழகத்திடம் ஒப்படைத்தார். பெண்கள், சிறுபான்மை இனத்தவர், அகதிகள் முதலாக அத்துறையில் குறைவாகவே இடம்பெற்றுள்ள மாணவர்கள், அந்நாடுகளின் பல்கலைக்கழகங்களில் இயற்பியலில் முனைவர் பட்டம் பெற அந்நிதி உதவுகிறது. வேறுபட்ட சூழலில் வளர்ந்தோரிடமிருந்தே புதிய கருத்துகள் பிறக்கும் என்பது அவர் நம்பிக்கை.

பெற்றோர்களே, இவ்வரலாற்றில் நமக்குரிய பாடம் உண்டு. முதலாவது, பள்ளியில் கணிதத்தையும் இயற்பியலையும் பிள்ளைகள் கைவிட்டால் இக்கதவு அன்றே அடைபட்டுவிடும். பெண் பிள்ளைக்கு அவை எதற்கு என்று எண்ணாதீர்கள். இரண்டாவது, முதல் தேர்வில் தவறிய பிள்ளையை உடனே வேலைக்கு அனுப்பிவிடாதீர்கள். மூன்றாவது, உயர்கல்விக்கு இடம் கிடைத்தால், உதவிநிதி கட்டணத்திற்கு மட்டுமா, உணவு, உறையுளுக்கும் சேர்த்தா, எத்தனை ஆண்டுகளுக்கு என்பதை எழுத்து மூலம் கேட்டறியுங்கள். கடன் வாங்குவதைப் பற்றி அதன் பிறகே எண்ணுங்கள்.

பள்ளியில் சென்று பேச அந்தப் பெற்றோர் தயங்கியிருந்தால், அம்மாணவி சமையல் வகுப்போடு நின்றிருக்கக்கூடும். நீங்களும் ஆசிரியரைச் சென்று காணத் தயங்காதீர்கள்.