ஈஸ்டருக்குக் கோர்ஃபு

ரவாங்கிலிருந்து ஈஸ்டருக்கு மத்தியதரைக் கடல் தீவு ஒன்றுக்குப் போக நினைப்பவர்கள், டிக்கெட் எடுக்குமுன் தேதியைப் பாருங்கள். மால்டா கத்தோலிக்கத் தீவு. 2027இல் அங்கே ஈஸ்டர் மார்ச் 28. கிரேக்கத் தீவான கோர்ஃபுவில் ஈஸ்டருக்குப் பழைய ஜூலியன் நாட்காட்டிக் கணக்கு; அங்கே மே 2. நம் ஊர்த் தேவாலய நாட்காட்டியை நம்பிப் போனால், ஐந்து வாரம் முன்னதாகவே போய் இறங்கிவிடுவோம்!

என்னைக் கேட்டால் கோர்ஃபுதான். ஈஸ்டருக்கு முந்தைய சனிக்கிழமை காலை 11 மணிக்கு, சிவப்புத் துணி தொங்கவிட்ட மாடங்களிலிருந்து தண்ணீர் நிரம்பிய மண்பானைகளைத் தெருவில் போட்டு உடைப்பார்கள். சில பானைகளைத் தூக்கவே இரண்டு மூன்று பேர் வேண்டும். சத்தம் அடங்கியதும் பேண்டு வாத்தியக் குழுக்கள் வரும். கூடியிருந்தவர்கள் உடைந்த சில்லுகளை அதிர்ஷ்டம் என்று பொறுக்கிக்கொண்டு போவார்கள். பார்க்க வேண்டிய காட்சி.

வெயில் இதமாக இருக்கும், கடல் மட்டும் குளிரும். மலேசியக் கடப்பிதழுக்கு 90 நாள் வரை விசா வேண்டாம். புனித வெள்ளி சிலாங்கூரில் பொது விடுமுறை இல்லை. அலுவலகத்தில் இப்போதே லீவு சொல்லி வையுங்கள். அந்த வாரத்துக்குக் கோர்ஃபுவில் அறைகள் சீக்கிரம் தீர்ந்துவிடும்.