தோண்டுமுன் எடுக்கவேண்டிய கணக்கு

(சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் ஆற்றிய பேச்சு)



நிலக்கரிச் சுரங்கத்தைப்பற்றிப் பேசப்போகிறோம் என்றதும், "திகனயில் நிலக்கரி ஏது?" என்று பின்வரிசையில் ஒரு பெரியவர் கேட்டது எமது காதில் விழுந்தது. நியாயமான கேள்விதான். இலங்கையில் நிலக்கரி வெட்டப்படுவதில்லை. நுரைச்சோலை மின்நிலையத்தில் எரிவதும் கப்பலில் வந்து இறங்குவதே. ஆயினும் அந்தச் சுரங்கத்துக்கும் எமது வீட்டுச் சுவருக்கும் ஒரு தொடர்பு உண்டு. சற்றுப் பொறுத்தருள வேண்டும்.

நாம் கற்ற மிஷன் பாடசாலையில் இரசாயன ஆசிரியர் ஒருவர் இருந்தார். உப்பை நிறுக்கச் சொன்னால், நாம் அவசரத்தில் முகவைக்குள் உப்பைக் கொட்டித் தராசில் வைத்துவிடுவோம். "வெறும் முகவை எத்தனை கிராம்?" என்பார். விழிப்போம். உப்பைக் கொட்டிவிட்டு, முகவையைக் கழுவித் துடைத்து, முதலிலிருந்து தொடங்கச் செய்வார். அன்று அது வீண் கண்டிப்பாகத் தோன்றிற்று. பல்கலைக்கழகத்தில் சுற்றாடல் பாடத்திலே 'அடிப்படை நிலை' என்னும் பகுதியைப் படித்தபோதுதான் அவர் சொன்னதன் பொருள் விளங்கியது.

மேலேயுள்ள மண்ணை எல்லாம் அகற்றிவிட்டுக் கரியை வெட்டவெளியில் வெட்டுவதே திறந்தவெளிச் சுரங்கம். முதல் மண்வெட்டி விழுமுன் அவ்விடம் எப்படி இருந்தது என்று அளந்து எழுதுவதே அடிப்படை நிலைக் கணக்கு. காற்றில் எவ்வளவு தூசு, கிணறுகளில் எத்தனை அடியில் தண்ணீர், அத்தண்ணீரில் என்ன கரைந்திருக்கிறது, இரவில் எவ்வளவு ஓசை, மேல்மண் எவ்வளவு ஆழம், என்ன மரம், என்ன பறவை, ஊராருக்கு என்ன நோய் என்பனவெல்லாம் அதில் அடங்கும். இது வெறும் முகவையை நிறுப்பது போன்றது.

இதற்கு நெய்வேலியைப் பார்க்கலாம். அது தென்னாற்காட்டுச் சீமை; இங்குள்ள சில குடும்பங்களின் பாட்டன்மார் புறப்பட்டுவந்த பக்கம். 1930களில் ஜம்புலிங்க முதலியாரின் காணியில் கிணறு தோண்டியபோது கரிய துகள்கள் வெளிப்பட்டன. 1956 இல் நிறுவனம் அமைந்தது. 1957 இல் பிரதமர் நேரு சுரங்க வேலையைத் தொடக்கிவைத்தார். 1961 இல் பழுப்பு நிலக்கரி கண்ணுக்குத் தெரிந்தது. தொடங்கியபின் கரியைக் காண நான்கு ஆண்டுகளா என்று கேட்பீர்கள். கரிக்கு மேலே 50 மீற்றரும் அதற்கு மேலுமாக மண் கிடந்தது. அதனினும் பெரிய சங்கடம் கரிக்குக் கீழே இருந்தது. அங்குள்ள மணற்படையிலே நீர் பெரும் அழுத்தத்தோடு அடைபட்டிருக்கிறது. பானையின் மூடிமேல் அம்மிக்கல்லை ஏற்றிவைத்தது போன்ற நிலை. கல்லை எடுத்தால் மூடி பறக்கும். மேல்மண்ணை அகற்றினால் அந்நீர் கரியைப் பிளந்து பொங்கிச் சுரங்கத்தை மூழ்கடிக்கும். ஆகவே குழாய்க் கிணறுகளை இறக்கி, இரவு பகலாக இறைத்து, அழுத்தத்தைத் தணித்த பின்னரே வெட்ட முடிந்தது. சுரங்கம் நடக்கும்வரை அந்த இறைப்பும் நடந்தே ஆகவேண்டும்.

பொறியியலாளர் நீரின் அழுத்தத்தை அளந்தார்கள். அளவாவிட்டால் சுரங்கமே இல்லை. அயலூர்க் குடியானவனின் கதை வேறு. முன்பு குழாயை இறக்கினால் தானே பொங்கிய தண்ணீர் இப்போது பாதாளத்துக்குப் போய்விட்டது என்று அவன் முறையிடுகிறான். சுரங்கமும் இறைக்கிறது, விவசாயிகளின் மோட்டர்களும் இறைக்கின்றன, மழையும் ஆண்டுக்காண்டு மாறுகிறது. இவற்றுள் எதற்கு எத்தனை பங்கு? ஒவ்வொரு கிராமத்துக் கிணறும் 1957க்கு முன் எத்தனை அடியில் இருந்தது என்னும் ஏடு கையில் இருந்தாலன்றி ஒருவன் தன் வழக்கை நிறுவ முடியாது. தன் கிணற்றை அளந்து எழுதிவைக்க வேண்டும் என்று எத்தனை பேருக்குத் தோன்றியிருக்கும்?

இத்தகைய கணக்கு இல்லாமல் சுரங்கம் தொடங்கலாகாது என்னும் ஒழுங்கு இந்தியாவில் 1994 இல்தான் சட்டமாயிற்று. சுரங்கத்தைச் சுற்றி 10 கிலோமீற்றர் வரை அளக்கிறார்கள். ஆனால் மழைக்காலம் தவிர்ந்த ஒரு பருவத்தை அளந்தாற் போதும் என்பது வழக்கம். எமக்கு இது போதாது என்றே படுகிறது. ஐப்பசி கார்த்திகையில் அடைமழை பெய்யும் அந்தச் சீமையில், மாசியில் பார்த்த கிணறு மார்கழிக் கிணற்றுக்குச் சாட்சி சொல்லுமா? எமது நாட்டிலும் 1988 இன் சட்டத்திருத்தம் பெரிய வேலைத்திட்டங்களுக்குச் சுற்றாடல் மதிப்பீட்டைக் கட்டாயமாக்கியது. அந்த அறிக்கையை 30 நாட்கள் பொதுமக்கள் பார்வைக்கு வைப்பார்கள். பார்க்கப் போகிறவர்கள்தாம் குறைவு.

இனி, நாம் சொன்ன சுவருக்கு வருவோம்.

2020 ஆகஸ்ட் 29 இரவு எமது பகுதி அதிர்ந்தது. ஓசை கேட்டு வெளியே ஓடியதை இங்கே பலரும் மறந்திருக்க மாட்டீர்கள். பின்பும் சில தடவை அதிர்ந்தது. சுண்ணக்கல் வெட்ட வைக்கும் வெடிதான் என்றனர் சிலர். விக்டோரியா நீர்த்தேக்கத்தின் நீர்ப்பாரம் என்றனர் வேறு சிலர். நிலத்தின் இயற்கை அசைவு என்றும் சொன்னார்கள். புவிச்சரிதவியல் அளவை சுரங்கப் பணியகத்தார் வந்து ஆராய்ந்தார்கள். பல்லேகலையிலுள்ள நிலநடுக்கப் பதிகருவி 2000 ஆம் ஆண்டு முதல் இயங்கிவருவதால், அன்றைய அதிர்வைப் பழைய பதிவுகளோடு ஒப்பிட முடிந்தது. கருவியிடம் வெறும் முகவையின் நிறை இருந்தது, எம்மிடம் இருக்கவில்லை.

எமது வீட்டு நடுச்சுவரில் ஒரு வெடிப்பு உண்டு. அன்றிரவு வந்தது என்கிறார் அம்மா. அதற்கு முந்திய பெருமழையிலேயே இருந்தது என்கிறார் அப்பா. தீர்ப்புக்காகப் படப் பெட்டியைக் கிளறினோம். அக்காளின் சடங்குப் படத்தில் அதே சுவர் இருக்கிறது. ஆனால் அலங்காரத்துக்காக அதன்மேல் சேலையைக் கட்டி மறைத்திருந்தார்கள்! வழக்கு இன்றளவும் தீரவில்லை. அயலில் பல வீடுகளிலும் இதே கதைதான். நட்டஈடு கேட்கப்போகிறவன் புதிய வெடிப்பு எது, பழைய வெடிப்பு எது என்று காட்டவேண்டுமல்லவா?

ஆகவே சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம். ஒரு கொப்பி போதும். விரும்புகிற வீட்டாரின் சுவர்களை, அருகில் ஓர் அடிமட்டத்தை வைத்து, திகதியோடு படம்பிடித்து வைப்போம். கிணறுகளில் ஒவ்வொரு பௌர்ணமியன்றும் முடிச்சுப்போட்ட கயிற்றை இறக்கித் தண்ணீர் மட்டத்தை எழுதுவோம். இறைக்குமுன், காலையிலேயே அளக்க வேண்டும். குறைந்தது ஓர் ஆண்டு விடாமல் எழுதினால்தான் அது கணக்காகும். பெரியோர்கள் தம் நினைவிலுள்ள பழைய மட்டங்களையும் சொல்லலாம். அவற்றை வேறு பக்கத்தில், நினைவு என்றே குறித்து எழுதுவோம்.

வருகிற பௌர்ணமியன்று காலை ஆறு மணிக்குக் கோவில் கிணற்றிலிருந்து தொடங்க எண்ணியிருக்கிறோம். கயிறு எம்மிடம் இருக்கிறது. கல் கட்டத் தெரிந்த ஒருவர் வந்தால் நல்லது.