நாய்க்கும் குதிரைக்கும் லேசர் ஒளி

லேசர் என்றதும் கண் அறுவைச் சிகிச்சையோ இரும்பை அறுக்கும் இயந்திரமோதான் பலருக்கு நினைவுக்கு வரும். கால்நடைகளுக்கான பிசியோதெரபியில் பயன்படும் லேசர் எதையும் அறுப்பதில்லை. வலியுள்ள இடத்தின்மேல் சில நிமிடங்கள் ஒளியைப் பாய்ச்சுவதோடு அதன் வேலை முடிந்துவிடுகிறது. அந்த ஒளியை எவ்வளவு நம்பலாம் என்பதே இன்றைய பேச்சு.

இச்சிகிச்சை பிறந்த கதை சுவையானது. 1967ஆம் ஆண்டு, ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில் எண்ட்ரே மெஸ்டர் என்ற மருத்துவர், லேசர் புற்றுநோயை உண்டாக்குமா என்று அறிய விரும்பினார். சுண்டெலிகளின் முடியை மழித்து ஒளியைப் பாய்ச்சினார். புற்றுநோய் வரவில்லை. ஒளி பட்ட எலிகளுக்கு முடிதான் சீக்கிரம் வளர்ந்தது! சிவப்பு ஒளியையும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியையும் உயிரணுக்களில் உள்ள மைட்டோகாண்ட்ரியா ஈர்த்துக்கொள்கிறது, அதனால் சக்தி உற்பத்தி கூடுகிறது, வீக்கமும் வலியும் தணிகின்றன என்பது இன்று பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம்.

நீண்ட முதுகும் குட்டைக் கால்களும் கொண்ட டாஷ்ஹண்ட் நாயை எடுத்துக்கொள்வோம். இந்த இனத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு நாய்க்கு, முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டு பிதுங்கித் தண்டுவடத்தை அழுத்தும் நோய் வருகிறது. நேற்று ஓடிய நாய் இன்று பின்னங்கால்களை இழுத்துக்கொண்டு நகரும். 2012இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், இந்நோய்க்கு அறுவைச் சிகிச்சை பெற்ற 36 நாய்கள் சேர்க்கப்பட்டன. லேசரும் பெற்றவை பெரும்பாலும் மூன்றரை நாளில் நடக்கத் தொடங்கின. பெறாதவற்றுக்கு 14 நாள் பிடித்தது. கேட்கவே மகிழ்ச்சி. ஆனால் 2017இல் வெளியான மற்றோர் ஆய்வில், 32 நாய்களிடையே அப்படி எந்த வேறுபாடும் தெரியவில்லை. முதல் ஆய்வை மட்டும் சொல்லி இரண்டாவதை விட்டுவிடுபவரிடம் சற்று எச்சரிக்கையாக இருப்பது நல்லது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். இரண்டு ஆய்விலும் அறுவைச் சிகிச்சை முதலில் நடந்தது. ஒளி பிறகு வந்தது. கால்விரலை அழுத்திக் கிள்ளினாலும் உணராத நாய்க்கு ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். லேசருக்கு முன்பதிவு செய்துவிட்டு அடுத்த வாரம் வரை காத்திருந்தால் அந்த நாய் நிரந்தரமாக முடங்கிப்போகலாம். மூட்டு வாத நோயுள்ள வயதான நாயின் நிலை வேறு. அங்கே எடைக் குறைப்பு, பயிற்சி, மருந்து ஆகியவற்றோடு லேசரும் சேர்ந்தால் வலி குறையவும் மருந்தின் அளவைக் குறைக்கவும் வாய்ப்புண்டு.

ஒளிக்கும் மருந்தைப் போல அளவு உண்டு. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை ஜூல் என்று கணக்கிடுவார்கள். குறைந்தால் பயனில்லை, மிகுந்தாலும் பயன் குறையும். அரை வாட்டுக்கு மேற்பட்ட நான்காம் வகைக் கருவிகளை ஒரே இடத்தில் பிடித்தால் தோல் சுட்டுவிடும். கருத்த முடி வெப்பத்தை அதிகம் ஈர்க்கும் என்பதால் கறுப்பு நாய்க்கும் கறுப்புக் குதிரைக்கும் கூடுதல் கவனம் தேவை. புற்றுநோய்க் கட்டியின் மீதும் சினையுற்ற வயிற்றின் மீதும் பாய்ச்சக் கூடாது. அறையில் இருக்கும் எல்லாரும், உரிமையாளர் உட்பட, அதற்குரிய பாதுகாப்புக் கண்ணாடி அணிய வேண்டும். விலங்கின் கண்ணையும் மறைக்க வேண்டும்.

குதிரைக்கு வருவோம். பந்தயக் குதிரையின் முன்னங்காலுக்குப் பின்புறம் ஓடும் தசைநாண், நாலுகால் பாய்ச்சலில் ரப்பர் போல நீளும். அதன் உட்பகுதியின் வெப்பம் 45 டிகிரி செல்சியஸ் வரை உயர்வது அளந்து அறியப்பட்டுள்ளது. அது கிழிந்தால் ஆறுவதற்கு ஒன்பது மாதம், ஓராண்டு என்று ஆகும். தோலை ஒட்டியே இருப்பதால் ஒளி அதை எட்டுகிறது. தடித்த தசைக்கு அடியிலுள்ள இடுப்பு மூட்டை அவ்வளவு எளிதில் எட்டாது.

இங்கேதான் ஆபத்து. லேசரால் வலி தணிந்த குதிரை நொண்டாமல் நடக்கும். உரிமையாளருக்கோ தீவனச் செலவு, பயிற்சிச் செலவு, அடுத்த பந்தயத் தேதி. கால் சரியாகிவிட்டது என்று ஓடவிட்டால், இன்னும் முதிராத தழும்புத் திசு மறுபடி கிழியும். அதனால் நல்ல மருத்துவர் நடையை மட்டும் பார்ப்பதில்லை. அல்ட்ராசவுண்ட் கருவியில் நார்கள் நேராக அடுக்கப்பட்டிருக்கின்றனவா என்று பார்க்கிறார். முதலில் கையில் பிடித்து நடை, சில மாதம் கழித்து மெல்லோட்டம், மறுபடி படம். அதன் பிறகே பாய்ச்சல்.