44-இல் நின்ற பீர்: என் முதல் பார்லி ஒயின்

போன எபிசோடில் சாதாரண பேல் ஏல் காய்ச்சுவது பற்றிப் பேசினேன். அதுக்கு வந்த கேள்விகளில் பாதி ஒரே கேள்விதான்: "இதையே ஸ்ட்ராங்கா எப்படிப் பண்றது?" அதனால இன்னைக்கு நான் முதன்முதலா பார்லி ஒயின் காய்ச்சின கதை. பேர்ல ஒயின் இருந்தாலும் திராட்சை கிடையாது. பார்லி மால்ட்டில் காய்ச்சுற பீர்தான், ஆல்கஹால் மட்டும் பத்து சதவீதத்தை ஒட்டி இருக்கும்.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். நான் இருப்பது இங்கிலாந்து. இங்கே 1963-லேயே வீட்டில் காய்ச்ச லைசென்ஸ் தேவையில்லைன்னு ஆக்கிட்டாங்க, விற்கத்தான் கூடாது. தமிழ்நாட்டில் 1937-ஆம் வருஷத்து மதுவிலக்குச் சட்டம் இதை அனுமதிக்கலை. அங்கிருந்து கேட்கிறவங்க கதையா மட்டும் கேளுங்க.

என் கணக்கு ரொம்ப எளிமையா இருந்தது. இருபது லிட்டருக்கு நாலரை கிலோ மால்ட் போட்டா ஐந்து சதவீத பீர் வருது. அப்போ ஒன்பது கிலோ போட்டா பத்து சதவீதம், இல்லையா? ஹைட்ரோமீட்டரில் வெறும் தண்ணீர் 1.000 காட்டும். சர்க்கரை கரையக் கரைய எண் ஏறும். நான் எதிர்பார்த்தது 1.098. வந்தது 1.082.

தேங்காய்ப் பால் எடுக்கிறவங்களுக்கு இது உடனே புரியும். முதல் பால் கெட்டியா வரும், ஆனா சக்கையில இன்னும் நிறைய மிச்சம் இருக்கும். அதை எடுக்கணும்னா தண்ணி விட்டு இரண்டாம் பால் பிழியணும். தண்ணி விட்டா கெட்டித்தன்மை போச்சு. அந்தக் காலத்து ஆங்கிலேயர் முதல் சாற்றில் ஸ்ட்ராங் பீரும், அதே தானியத்தின் இரண்டாம் சாற்றில் லேசான பீரும் காய்ச்சினாங்க. நான் அந்தச் சக்கையைத் தோட்டத்து உரக்குழியில் கொட்டிட்டு, ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவா மால்ட் பவுடர் கலந்து 1.098-க்குக் கொண்டு வந்தேன். தானியம் அப்படியே பாழ். இப்பவும் மனசு கேக்கலை.

ஆனா உண்மையான தப்பு அதுக்கப்புறம்தான். வழக்கம்போல ஒரே ஒரு பாக்கெட் ஈஸ்ட், 11 கிராம். அவ்வளவு சர்க்கரைக்குள்ள விழுந்தா ஈஸ்ட்டுக்கு மூச்சு முட்டும். ஆரம்பத்தில் பெருகுறதுக்கு ஆக்சிஜனும் நிறைய வேணும். நான் பக்கெட்டை நாலு ஆட்டு ஆட்டினதோட சரி. ஒரு நாள் முழுக்க அசைவே இல்லை. அப்புறம் திடீர்னு நுரை ஏர்லாக்கைத் தள்ளிக்கிட்டு சுவர் வரைக்கும் தெறிச்சது. (இப்பெல்லாம் முதல் வாரம் ஏர்லாக் போடறதில்லை, தடிமனான ரப்பர் குழாய்தான்.) ஆறாம் நாள் எல்லாம் அமைதி. நவம்பர் மாசம், கராஜில் 12 டிகிரி. அளந்தா 1.044.

மூணு நாள் தொடர்ந்து அளந்தேன். அதே 44. எண் மூணு நாள் நகராம இருந்தா பாட்டிலில் அடைக்கலாம்னு எல்லாப் புத்தகத்திலும் இருக்கும். கிறிஸ்துமஸ் வேற வருது. பாட்டிலெல்லாம் கழுவி, மாடிப்படிக்குக் கீழே, பிள்ளைங்க ஷூ வைக்கிற இடத்தில அடுக்கத் தயாரா இருந்தேன்.

அன்னைக்கு எங்க ஊர் ஹோம்ப்ரூ குழுவில் ஒரு பெரியவர் கேட்டார், "எவ்வளவுல ஆரம்பிச்சே?" 98-னு சொன்னேன். "அப்போ அது முடியலை தம்பி, தூங்குது" என்கிற மாதிரி ஆங்கிலத்தில் சொன்னார்.

கணக்குப் போட்டுப் பாத்தேன். ஈஸ்ட் பொதுவா முக்கால் பங்கு சர்க்கரையாவது தின்னும். 98 குறைஞ்சது 25 பக்கமாவது இறங்கணும். மிச்சம் இருக்கிற பதினெட்டு, இருபது புள்ளியும் மூடின பாட்டிலுக்குள்ள, கோடையில் வீடு சூடாகும்போது புளிச்சிருந்தா? நுரைக்காக நாம பாட்டிலில் போடற சர்க்கரையைப் போல ஐந்தாறு மடங்கு. கண்ணாடி தாங்காது. எங்க வெடிச்சிருக்கும்னு யோசிச்சேன், அந்த ஷூ அலமாரி ஞாபகம் வந்துச்சு. அன்னைக்கு ராத்திரி சரியா தூங்கலை.

அந்த மூணு நாள் விதி சாதாரண பீருக்குச் சரி. ஸ்ட்ராங் பீரில் எண் நின்னுடுச்சாங்கிறதை விட எங்கே நின்னிருக்குங்கிறதுதான் கேள்வி.

பக்கெட்டை வீட்டுக்குள்ள கொண்டு வந்து 20 டிகிரியில் வெச்சு, மெதுவா சுழற்றினேன். குளிர்ல இட்லி மாவை அவனுக்குள்ள லைட் போட்டு வைக்கிறோமே, அதே வைத்தியம். போதலை. புது ஈஸ்ட்டை நேரா தூவினா அந்த ஆல்கஹாலில் செத்துப் போகும். அதனால ஒரு லிட்டர் லேசான மால்ட் தண்ணியில் வளர்த்து, நல்லா நுரைச்சு நிக்கும்போது ஊத்தினேன். இந்தக் கட்டத்தில் காற்று படவே கூடாது, பீர் அட்டைப்பெட்டி மாதிரி நாறும். மூணு வாரத்தில் 1.026. கிட்டத்தட்ட ஒன்பதரை சதவீதம்.

இப்போ முதல்ல லேசான பிட்டர் ஒண்ணு காய்ச்சி, அதோட அடி ஈஸ்ட் மண்டியை அப்படியே பார்லி ஒயினுக்குப் போடறேன். குடிக்கவும் ஒரு பீர் கிடைக்குது, ஈஸ்ட்டுக்கும் தனிச் செலவில்லை.

அந்த முதல் பார்லி ஒயின் கிறிஸ்துமஸுக்கு வார்னிஷ் குடிக்கிற மாதிரி இருந்தது. அடுத்த தீபாவளிக்குத் திறந்தப்போ உலர்ந்த திராட்சை, கருகின சர்க்கரைப் பாகு வாசனை. பதினொரு பாட்டில் மிச்சம் இருக்கு, கராஜில், மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டிக்குள்ள. ஷூ அலமாரியில் ஷூ மட்டும்தான்.