உயரம் பாய்ந்த எதிர்வீரசிங்கம்



ஆண்டு விழாவில் வாலிபர் பகுதியினருக்கு ஒதுக்கப்படும் நேரத்தில் நாயன்மார் ஒருவரின் சரித்திரத்தையோ விபுலாநந்த அடிகளின் தொண்டையோ எடுத்துப் பேசுவதே வழமை. இவ்வாண்டு ஒரு விளையாட்டு வீரரைப் பற்றிப் பேசத் துணிந்துள்ளோம். இது இவ்விடத்துக்கு ஏற்ற விடயமா என்று மூத்தோர் சிலர் ஒருவரையொருவர் பார்த்துக் கொள்வது மேடையிலிருந்தே தெரிகின்றது. முழுவதையும் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லுமாறு வேண்டுகின்றோம்.

நாம் பேச எடுத்துக்கொண்டவர் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம். இப்பெயரைக் கேட்டதும் பின்வரிசையிலுள்ள முதியவர் சிலரின் முகம் மலர்கின்றது. எமது வயதினரோ விழிக்கின்றனர். எமது வயதினர் கிரிக்கெட் ஆட்டக்காரர்களின் ஓட்டக் கணக்கையெல்லாம் மனப்பாடமாகச் சொல்வர். ஆசிய விளையாட்டு விழாவில் இந்நாட்டுக்கு முதன்முதல் தங்கப் பதக்கம் கொணர்ந்தவர் யாரென்று கேட்டால் மௌனம் சாதிப்பர்.

அவர் 1934ஆம் ஆண்டு பிறந்தவர். பெற்றோர் யாழ்ப்பாணத்துப் பெரியவிளானைச் சேர்ந்தவர்கள். கல்வி கற்றது யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில். அது வெஸ்லியன் மிஷனார் நாட்டிய கல்லூரி. நாமும் மிஷன் பள்ளியிற் படித்தவர்களாதலால் அங்கே பிள்ளைகளுக்குக் கிடைத்த ஒன்றை நன்கறிவோம். காலையில் வேதபாடம் இருந்தது போல மாலையில் விளையாட்டும் இருந்தது. இல்லங்களாகப் பிரித்து, மெய்வல்லுநர் போட்டி வைத்து, வென்றவனுக்குக் கை தட்டினார்கள். நெற்றியில் திருநீற்றோடு போன பிள்ளைகள் அதே திருநீற்றோடு ஓடிப் பாய்ந்தார்கள். அப்படிப் பாய்ந்த ஒரு மாணவன் 1952இல், தமது 17ஆவது வயதில், பின்லாந்து தேசத்துத் தலைநகரான ஹெல்சிங்கியில் ஒலிம்பிக் மைதானத்திலே போய் நின்றான் என்றால் அது சிறிய காரியமா?

அங்கே அவருக்குப் பதக்கம் கிட்டவில்லை. அமெரிக்கரான வோல்ற் டேவிஸ் 2.04 மீற்றர் பாய்ந்து வென்றார். 1956இல் மெல்பேர்ணிலும் நம்மவர் கலந்துகொண்டார். அங்கே வென்ற சார்ல்ஸ் டூமாஸ், சில மாதங்களுக்கு முன்னர்தான் உலகிலேயே முதல் மனிதனாக 7 அடியைக் கடந்திருந்தவர். இரண்டு ஒலிம்பிக்கிலும் பதக்கமின்றித் திரும்பிய சிறு நாட்டு வாலிபர் ஒருவர் இனிப் போதும் என்று விட்டிருந்தால் எவரும் குறை கூறியிருக்க மாட்டார்கள்.

உயரம் பாய்தலைப் பற்றி இங்கே சிறிது சொல்ல வேண்டும். ஒற்றைக் காலால் உந்தி எழ வேண்டும் என்பது அதன் முதல் விதி. தொடர்ந்து மூன்று முறை தவறினால் வெளியே போக வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் தடியை உயர்த்திக் கொண்டே போவர். ஆகவே கடைசியில் வெற்றி பெறுபவனும் பெரும்பாலும் தடியைத் தட்டி வீழ்த்திவிட்டே ஆட்டத்தை முடிக்கிறான்; தோல்வியோடு முடியும் வெற்றி என்றே இதைச் சொல்லலாம். இன்று தொலைக்காட்சியில் காண்பது போல முதுகைத் தடிக்குக் காட்டிப் பாயும் முறையை உலகுக்குப் பிரபலமாக்கியவர் டிக் ஃபொஸ்பரி என்னும் அமெரிக்கர். அது 1968இல் மெக்சிக்கோவில். அதற்கு முந்திய வீரர்கள் பாய்ந்து விழுந்தது தடித்த மெத்தையில் அன்று, மணலிலும் மரத்தூளிலும். தலைகீழாக விழுந்தால் கழுத்துப் போய்விடும். ஆதலால் வயிற்றுப் பக்கத்தைத் தடிக்குக் காட்டிப் புரண்டு, கையும் காலும் ஊன்றி இறங்கினர். எதிர்வீரசிங்கம் பாய்ந்த காலம் அக்காலம்.

சிறு நாட்டு வீரனுக்குத் திறமைக் குறைவைக் காட்டிலும் இடக்குறைவே பெரிய எதிரி. வேறொரு நாட்டு உதாரணம் சொல்கிறோம். பிலிப்பைன்ஸில் எமது ஊரைப் போலவே வெயில், பனி பெய்வதில்லை. அந்நாட்டு மைக்கல் மார்ட்டினெஸ் என்னும் வாலிபர் கடைத்தொகுதி ஒன்றினுள் அமைத்த பனித்தளத்தில் சறுக்கப் பழகி, 2014இல் ரஷ்யாவின் சோச்சி நகரில் குளிர்கால ஒலிம்பிக்கில் நடனச் சறுக்கலில் 19ஆவது இடம் பெற்றார். தென்கிழக்காசியாவிலிருந்து அப்போட்டிக்குப் போன முதலாமவர் அவரே. பத்தொன்பதாவது இடம்தானே என்று எம்மிற் சிலர் சிரிக்கலாம். நாம் பனிக்கட்டியைக் காண்பது மீன் பெட்டியிலும் சர்பத்திலுமே என்பதை நினைத்துக்கொண்டு சிரிக்க வேண்டும்.

எதிர்வீரசிங்கம் இடந்தேடி அமெரிக்கா சென்றார். லொஸ் ஏஞ்சல்ஸில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்திற் சேர்ந்து படிப்பையும் பாய்ச்சலையும் சேர்த்தே நடத்தினார். தைவான் தீவிலிருந்து வந்து, 1960இல் ரோமாபுரி ஒலிம்பிக்கில் பத்து நிகழ்ச்சிப் போட்டியில் வெள்ளி வென்ற யாங் என்பவரும் அதே பல்கலைக்கழகத்தவர்தான். சிறு நாட்டார்க்கு அங்கே நல்ல பயிற்சி கிடைத்தது.

இனி 1958க்கு வருவோம். மூன்றாவது ஆசிய விளையாட்டு விழா டோக்கியோவில் மே 24ஆம் திகதி தொடங்கி யூன் 1ஆம் திகதி முடிவுற்றது. அவ்விழாவில் எதிர்வீரசிங்கம் 2.03 மீற்றர், அதாவது 6 அடி 8 அங்குலம், பாய்ந்து தங்கப் பதக்கம் வென்றார். ஹெல்சிங்கியில் வென்றவர் பாய்ந்ததற்கும் இதற்கும் ஒரு சென்ரிமீற்றரே வித்தியாசம். ஆறு ஆண்டுகளுக்கு முன் அதே உயரத்தைக் கடந்திருந்தால் ஒலிம்பிக் வெள்ளி அவருடையது. ஆனால் உலகம் அவருக்காகக் காத்திருக்கவில்லை. 1960இல் ரோமாபுரியில் தங்கத்துக்கு 2.16 மீற்றர் தேவைப்பட்டது.

டோக்கியோவில் இலங்கைக் கொடி உயர்ந்த அந்த நாட்களில் இலங்கையில் என்ன நடந்தது என்பதை மூத்தோர்க்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. பொலன்னறுவைப் பக்கத்தில் மூண்ட தீ தென்னிலங்கை எங்கும் பரவியது. மே 27இல் அவசரகால நிலை பிரகடனம் செய்யப்பட்டது. கொழும்பிலிருந்த தமிழர்கள் அகதிகளாகக் கப்பலேற்றப்பட்டு வடக்கே அனுப்பப்பட்டார்கள். எமது அம்பாறைப் பகுதியோ இரண்டாண்டுகளுக்கு முன்னரே, 1956 யூனிலேயே, கல்லோயாவில் இரத்தங் கண்டுவிட்டது. தமிழன் என்பதற்காக ஒருவன் தெருவில் அடிபட்ட அதே வாரத்தில், ஒரு தமிழன் அந்த நாட்டின் பெயரை மார்பில் தாங்கிப் பாய்ந்து அதற்கு முதற் தங்கத்தைத் தந்தான்.

விளையாட்டு இனங்களை ஒன்றுபடுத்தும் என்று மேடைகளில் சொல்வார்கள். நாம் அவ்வளவு எளிதாகச் சொல்லத் தயாரில்லை. அந்தப் பதக்கம் எரிந்த ஒரு கூரையையும் அணைக்கவில்லை. ஆயினும் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: சட்டங்கள் மாறின, அரசாங்கங்கள் மாறின, நாட்டின் பெயரே மாறியது, பட்டியலின் முதல் வரியிலிருந்து அந்தப் பெயரை எடுக்க எவராலும் இயலவில்லை. அவரும் கோபித்துக்கொண்டு ஒதுங்கவில்லை. 1962இல் ஜகார்த்தாவில் மீண்டும் இலங்கைக்காகப் பாய்ந்து வெள்ளிப் பதக்கம் பெற்றார். அவர் செய்தது சரியா, விலகியிருக்க வேண்டுமா என்று எமது வாலிபர் கூட்டத்தில் ஓரிரவு முழுவதும் தர்க்கம் நடந்தது. முடிவு ஏற்படவில்லை. பெரியோர்கள் தங்கள் கருத்தைச் சொன்னால் கேட்கக் காத்திருக்கின்றோம்.

பின்னாளில் அவர் கோர்ணெல் பல்கலைக்கழகத்திற் கலாநிதிப் பட்டம் பெற்று, மேற்கு ஆபிரிக்காவில் ஆசிரியப் பணி புரிந்தார். 2024 ஏப்ரலில் லொஸ் ஏஞ்சல்ஸில் தமது 89ஆவது வயதிற் காலமானார்.

இனி எமது வேண்டுகோள். ஒலிம்பிக்கில் இலங்கை பெற்ற பதக்கங்கள், 2024 பாரிஸ் வரை, இரண்டே இரண்டு: 1948இல் டங்கன் வைற் சட்டவேலி ஓட்டத்திற் பெற்றதும், 2000ஆம் ஆண்டு சுசந்திகா ஜயசிங்க 200 மீற்றரிற் பெற்றதும். இரண்டாவது பதக்கம் ஒரு பெண்பிள்ளையுடையது. நாமோ பெண்பிள்ளை பெரியவளானதும் விளையாட்டை நிறுத்திவிடுகின்றோம். ஆண்பிள்ளையைச் சாதாரண தரப் பரீட்சை வருடத்திலே ரியூசன் வகுப்புக்குள் அடைத்துவிடுகின்றோம்.

சித்திரை விழாவில் வழுக்குமரம், முட்டி உடைத்தல், கயிறிழுத்தல் வைக்கிறோம். அவை இருக்கட்டும். வருகின்ற சித்திரையில் உயரம் பாய்தலையும் சேர்ப்போம், ஆண்களுக்கும் பெண்களுக்கும். இரண்டு கம்பமும் ஒரு மூங்கில் தடியும் போதும். ஒலிபெருக்கிக்கு ஓரிரவு கொடுக்கும் வாடகைகூட ஆகாது. மணலுக்கு எமது கடற்கரையிற் பஞ்சமில்லை. ஆனால் மெத்தை இல்லாதபடியால் முதுகாற் பாய விடக்கூடாது. கத்தரிக்கோல் போலக் காலை வீசிக் கடந்து, நின்றபடி இறங்கும் பழைய முறையையே பழக்க வேண்டும். பாண்டிருப்பு, காரைதீவு வாலிபர்களோடு சாய்ந்தமருது, மருதமுனை முஸ்லிம் வாலிபர்களுக்கும் அழைப்பு அனுப்ப வேண்டும். தடி உயர உயரப் பாய்பவன் எந்த ஊரவன் என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள் என்று சொல்லமாட்டோம். நிச்சயமாகக் கேட்பார்கள், அதனால்தான் கூட்டமும் சேரும்.

கம்பம் நடுவதற்கு வாலிபர் பகுதியிலிருந்து எண்மர் பெயர் கொடுத்திருக்கின்றோம். மரமும் தடியும் வாங்குவதற்கான அனுமதியைக் காரியதரிசி அவர்கள் அடுத்த நிருவாக சபைக் கூட்டத்தில் வைப்பாராக.